இருவர் பேசும் மொழி

செவிபெயர்ப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பேசிக் காட்ட வேண்டும். உலகக் குழந்தைகள் மன்றம் அனுப்பியிருந்த அறிவிப்பில் துளசிமணி திரும்பத் திரும்பப் படித்த வரி அதுதான்.

செவிபெயர்ப்பி இல்லாமல் திருப்பூரில் யாரும் தெருவில்கூட இறங்குவதில்லை. அரிசி அளவில் ஒன்றைக் காதுக்குள் செருகிக்கொண்டால் ஒடியாக்காரர் ஒடியாவில் பேசுவார், இத்தாலியிலிருந்து பனியன் வாங்க வந்தவர் இத்தாலியனில் பேரம் பேசுவார், கேட்பவர் காதில் எல்லாம் அவரவர் தாய்மொழியாக விழும். பள்ளிக்கூடங்களில் இரண்டாம் மொழி என்ற பாடத்தையே தூக்கிவிட்டார்கள். இந்தக் காலத்தில் ஒருவர் அந்நிய மொழி படிக்கிறார் என்றால், ஒன்று காதலாக இருக்கும், இல்லை வேறு வேலை இல்லாமல் இருக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

துளசிமணிக்கு இரண்டும் இல்லை. அவளுக்கு இருந்தது எமி. ஜப்பானில் வாழ்ந்த தங்கை நந்தினியும் அவள் கணவனும் நெடுஞ்சாலை விபத்தில் ஒரே நாளில் போய்விட்டார்கள். மிஞ்சியது மூன்றரை வயதுப் பெண் குழந்தை. தகப்பன் வழியில் யாரும் கிடையாது. குழந்தை அங்கே ஒரு காப்பகத்தில் இருந்தது. பெரியம்மாவிடம் கொடுக்கலாம் என்று மன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குச் செவிபெயர்ப்பி மாட்டக்கூடாது. அப்படி மாட்டி வளர்த்த முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு எந்த மொழியுமே ஒட்டாமல் போனதால் வந்த சட்டம் அது. ஆகவே வளர்க்கப் போகிறவர் குழந்தையின் மொழியை வாயால் பேச வேண்டும். அதையும் இயந்திரத்திடம் படித்திருக்கக் கூடாது, தாய்மொழியர் ஒருவருடன் பழகிப் படித்திருக்க வேண்டும். அவகாசம் ஆறு மாதம்.

அதற்கென்று செயலிகள் இருந்தன. உன் மொழியை நீ கொடு, என் மொழியை நான் தருகிறேன் என்ற பண்டமாற்றுதான். துளசிமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தாள். தலை சுற்றியது. கடைசியில் இரண்டு நின்றன.

முதலாவதின் பெயர் நேர்நா. அதில் திருத்துவதுதான் வேலையே. அவள் ஜப்பானிய மொழியில் வணக்கம் சொன்னாள். ஒளிச்சுவரில் தெரிந்த அம்மாள் கையை உயர்த்தி நிறுத்தி, "இன்னொரு முறை" என்றாள். மறுபடி சொன்னாள். மறுபடி கை உயர்ந்தது. ஒரு வணக்கத்தைத் தாண்டுவதற்குள் துளசிமணிக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அடுத்து அவளுடைய முறை. அந்த அம்மாள் தமிழில் ஏதோ சொன்னாள், பாதி தப்பு. திருத்து, திருத்து என்று திரை மினுக்கியது. துளசிமணி, "ரொம்ப அருமையாப் பேசறீங்க!" என்றாள். அம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

பனியன் கம்பெனியில் துளசிமணி செக்கிங் பிரிவில் இருந்தாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும், தூக்கி ரிஜெக்ட் கூடையில் போட்டுவிடுவாள். துணியிடம் அவளுக்குத் தாட்சண்யமே கிடையாது. மனுசர் விசயம் வேறு. வேற்று ஊர்க்காரர் வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை தமிழ் பேசிவிட்டால் நமக்கெல்லாம் மனசு குளிர்ந்துவிடுகிறதே, அந்தக் குளிர்ச்சி அவளுக்குக் கொஞ்சம் கூடுதல். அவர் பேசியது தப்பு என்று சொல்வது, வீட்டுக்கு வந்தவர் சாப்பிடும்போது இலையைப் பிடுங்குவதற்குச் சமம் அவளுக்கு.

இரண்டாவது செயலியின் பெயர் இணங்கு. அதில் திருத்தம் என்ற பேச்சே இல்லை. ஒரே ஒரு துணையைக் கொடுக்கும், கடைசிவரை அவர்தான். திரையின் ஓரத்தில் புரிதல்மானி என்று ஒரு கோடு. ஒருவர் பேசுவது மற்றவருக்கு எவ்வளவு புரிகிறது என்பதை அது கண்ணசைவை வைத்தே அளக்கும். சிவப்பிலிருந்து பச்சைக்கு ஏறிக்கொண்டே போனால் நீங்கள் தேறுகிறீர்கள் என்று அர்த்தம். புரிந்தால் போதும், அவ்வளவுதான் மொழி என்றது விளம்பரம்.

"அம்மிணி, அந்த மொதல் அம்மா கொஞ்சம் கடுசா இருந்தாலும் வேலைக்காவும்னு தோணுது," என்றான் கணவன் லோகநாதன்.

"அந்தம்மா மூஞ்சியப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குதுங்க. ஆறு மாசம் அழுதுட்டே படிச்சா என்ன ஏறும்? இது நல்லாருக்குதுங்க. மனசுக்கு இதமா இருக்குது."

"எமிக்காகப் படிக்கிறோம், இதத்துக்கா?" என்று கேட்டான். அவள் இணங்குவை அழுத்திவிட்டாள்.

வந்த துணை ஹரடா. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், எழுபதைத் தாண்டியவர். தமிழ்நாட்டுக்கு வந்து ஊர் ஊராக இறங்கிப் பரோட்டா சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. அதைச் செவிபெயர்ப்பி இல்லாமல், கடைக்காரரிடம் வாயால் கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டுமாம். அவரும் யாரையும் திருத்துகிற ஆள் இல்லை. துளசிமணி ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லைக் கடித்துத் துப்பினால், அவர் இரண்டு கையையும் தட்டித் தலை குனிந்து பாராட்டுவார்.

"நேத்து நான் மீன் கடை உள்ளே மகிழ்ச்சி ஆகிறது," என்றார் ஹரடா முதல் வாரத்தில்.

"அருமைங்க! ரொம்ப அருமை!" என்றாள் துளசிமணி. அதோடு நிற்கவில்லை. அவருக்குச் சுலபமாகப் புரியட்டுமே என்று தன் தமிழையும் உடைத்துக் கொடுத்தாள். "நானும் இன்னைக்குக் கம்பெனி உள்ளே மகிழ்ச்சி ஆகிறது." வடக்கிலிருந்து வந்த ஆளிடம் வழி சொல்லும்போது நாம் எல்லாரும் செய்வதுதான் இது. புரிதல்மானி ஒரு முழம் ஏறியது. ஹரடாவும் சும்மா இருப்பாரா? அவரும் தன் மொழியின் விகுதிகளைக் கழற்றி, சொற்களைத் தனித்தனியாக உடைத்து, அவள் பேசுகிற மாதிரியே திருப்பிப் பேசினார். இன்னொரு முழம் ஏறியது. அவளுடைய அருமையோடு ஜப்பானிய வாக்கியங்களின் முடிவில் வரும் 'தெஸ்'ஸைச் சேர்த்து, அவர்தான் முதலில் "அருமைதெஸ்" என்றார். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதன்பிறகு பேச்சுக்குப் பேச்சு அருமைதெஸ்தான்.

நான்காம் மாதத்தில் கோடு முழுப் பச்சையைத் தொட்டது. மாலைகளில் இருவரும் மழையைப் பற்றி, மீனைப் பற்றி, ரயிலைப் பற்றி, எமியைப் பற்றித் தடையில்லாமல் பேசினார்கள். அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த லோகநாதன் ஒருநாள் கூடத்துக்கு வந்தான்.

"அம்மிணி, நீ பேசறது என்ற செவிபெயர்ப்பில தமிழா வர மாட்டீங்குதே. வெறும் இரைச்சலாத்தான் கேக்குது."

"உங்குளுது பழைய மாடலுங்க. மாத்துங்கன்னா கேக்கறீங்களா?"

சொல்லிவிட்டாளே தவிர, அவன் சொன்னது மனசில் உறுத்தியது. அந்த உறுத்தலை அவள் விசாரிக்கவில்லை. கோடு பச்சையாக இருந்தது, அது போதும் என்று இருந்துவிட்டாள்.

தேர்வு கோவையில், மன்றத்தின் கிளையில் நடந்தது. அலுவலர் வித்யாவதி தன்மையான பெண்மணி. துளசிமணியின் செவிபெயர்ப்பியை வாங்கி ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு ஒளிச்சுவரை ஏற்றினார். சுவரில் எமி வந்தாள். நந்தினியின் நெற்றி, நந்தினியின் காது. துளசிமணி மனப்பாடமே தேவையில்லாமல் வந்த வாக்கியங்களைச் சொன்னாள். நான் உன் பெரியம்மா, உன் அம்மாவின் அக்கா, உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாள்.

எமி அவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த காப்பகப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண்ணும் புரியாமல் விழித்தாள். துளசிமணி இன்னும் மெதுவாக, இன்னும் உடைத்துச் சொன்னாள். குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது.

வித்யாவதி தன் மேசையில் இருந்த மொழியறிவியைத் தட்டினார். அது வெகுநேரம் சுற்றியது. "அம்மா, நீங்க பேசினது ஜப்பானிய மொழி இல்லையே," என்றார். "தமிழும் இல்லை. இது உலகப் பதிவில் இல்லாத மொழின்னு காட்டுது. பேசுவோர் எண்ணிக்கை, இரண்டு."

"இல்லீங்க, நானு நல்லாத்தானுங்க படிச்சேன். கோடு பச்சைக்கு வந்திருச்சுங்க மேடம், வேணும்னா அந்தச் செயலியப் பாருங்க..." போச்சு, எல்லாம் போச்சு, நந்தினி பிள்ளையை யாரோ எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று மட்டும் மண்டைக்குள் ஓடியது.

ஆனால் வித்யாவதி எழுந்திருக்கவில்லை. எதையோ படித்துக்கொண்டிருந்தார். புருவம் ஏறிக்கொண்டே போயிற்று.

செவிபெயர்ப்பி வந்தபிறகு சின்ன மொழிகள் கொத்துக் கொத்தாக அழிந்தன. அதைத் தடுக்கப் போட்டது அருமொழிச் சட்டம். நூறு பேருக்கும் குறைவானவர்கள் பேசும் மொழிக்குச் சொந்தமான குடும்பத்திலிருந்து குழந்தையைப் பிரிக்கக் கூடாது, அந்தக் குழந்தை அந்த மொழியிலேயே வளர்க்கப்பட வேண்டும். மொழி பிறந்து ஆயிரம் வருசம் ஆயிற்றா, நாலு மாதம் ஆயிற்றா என்று சட்டம் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி வரும் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

"குழந்தை உங்களுக்குத்தான்," என்றார் வித்யாவதி, தானே நம்பாதவர் போல. "ஒரே ஒரு நிபந்தனை. குழந்தை காதுபட அந்த மொழி மட்டும்தான் பேசணும். வீட்டில் ஒரு செவிக்காவலி வைப்போம். நீங்க தமிழோ ஜப்பானியமோ புதுசா ஒரு சொல் கலந்தாலும் சிவப்பு விழும். மூன்று சிவப்புன்னா குழந்தை திரும்பப் போயிடும். ஒரு வருசம் கழிச்சு நான் வந்து பார்ப்பேன்."

எமி வந்தாள். லோகநாதனுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆகவே குழந்தை இருக்கும் இடத்தில் அவன் வாயை மூடிக்கொண்டு, முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தான். குழந்தைக்கு முதலில் பிடித்துப்போனது அவனைத்தான். கூடத்து மூலையில் செவிக்காவலி வெள்ளை விளக்கோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

இரண்டாம் வாரம் எமி இஸ்திரிப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. துளசிமணி கத்த வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. தொடாதே என்பதற்கு, வேண்டாம் என்பதற்கு, கூடாது என்பதற்கு, அந்த மொழியில் சொல்லே இல்லை. அவளும் ஹரடாவும் ஒரு தடவைகூட ஒருவரையொருவர் மறுத்ததில்லை, எப்படி இருக்கும்? "ஐயோ, தொடாத சாமி!" என்று தமிழ்தான் பீறிட்டு வந்தது. பாய்ந்து கையைப் பிடித்து இழுத்தாள். குழந்தை தப்பியது. மூலையில் சிவப்பு விழுந்தது.

ஒன்று. அன்றிலிருந்து துளசிமணிக்குத் தூக்கம் ஒழுங்காக இல்லை. படிக்கட்டு, கிணற்று மூடி, பால் குக்கர் எல்லாமே அவளுக்கு எமன்களாகத் தெரிந்தன. ஹரடாவை அழைத்தாள். நமக்கு ஒரு சொல் வேண்டும், ஒருவரை நிறுத்துகிற சொல் என்று கையை ஆட்டி, தலையை ஆட்டி விளக்கினாள். இருவருக்கும் பழக்கத்தில் இயல்பாக விளைந்த சொல்லைத்தான் சட்டம் ஏற்கும், அவள் தனியாக இட்டுக்கட்ட முடியாது.

"அருமைதெஸ்!" என்றார் ஹரடா.

அவரை எப்படியாவது மறுக்க வைக்க வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கே திருப்பூர் வாருங்கள் என்றாள். யாரும் மறுக்கத்தானே செய்வார்கள்? அவர் அருமைதெஸ் என்று சொல்லிப் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அவரைத் தடுக்கவும் அவளிடம் சொல் இல்லை. நல்லவேளையாக அவருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

அந்தச் சொல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒருநாள் தயிர்சாதத்தை ஊட்டப் போனபோது எமி வாயை இறுக்கிக்கொண்டு, தட்டைத் தள்ளி, "நுக்கு!" என்றாள். துளசிமணிக்கு உயிரே போய்விட்டது. செவிக்காவலியைப் பார்த்தாள். அது சிவக்கவில்லை. பச்சையாகி, தாய்மொழியர் உருவாக்கிய சொல், ஏற்கப்பட்டது என்று காட்டியது. அந்த மொழியைப் பிஞ்சு வயதிலேயே பேசி வளர்கிறவள் எமி ஒருத்திதான். ஆகவே அதன் தாய்மொழியர் அவள் ஒருத்திதான். துளசிமணியும் ஹரடாவும் வெறும் பயிற்சியாளர்கள். இணங்கு செயலி அன்று மாலையே ஒரு வாழ்த்து அனுப்பியது: உங்கள் அருகிலேயே ஒரு தாய்மொழியர் இருக்கிறார், இன்றே பேசிப் பழகுங்கள்!

நுக்கு கிடைத்தது பெரிய நிம்மதி. இஸ்திரிப் பெட்டிக்கு நுக்கு, படிக்கட்டுக்கு நுக்கு. துளசிமணி மூச்சு விட்டாள். ஆனால் எமி அந்தச் சொல்லை அவளிடமே திருப்ப ஆரம்பித்தாள். துளசிமணி ஒரு வாக்கியம் சொன்னால், "நுக்கு, பெம்மா" என்று நிறுத்தி, வேறு மாதிரிச் சொல்லிக் காட்டுவாள். குழந்தையின் வாயில் அந்த மொழி தானாக வளர்ந்தது. நேற்று நடந்தது, நாளை நடக்கப்போவது எல்லாவற்றுக்கும் அதில் முறை உண்டாயிற்று. துளசிமணிக்கு அது பிடிபடவில்லை. பால் குடி என்று சொன்னாலே நுக்கு. இடுப்பில் கைவைத்துக்கொண்டு, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, மடியில் ஏறி அவள் வாயைத் தன் விரலால் குவித்து, சரியாகச் சொல்லும்வரை எமி விடமாட்டாள். நேர்நாவின் அம்மாள் தேவலை என்று இருந்தது. இருந்தாலும் அந்தச் சின்ன விரல் உதட்டில் படும்போது துளசிமணிக்கு ஒரு சந்தோசம். தன்னை யாரும் அதுவரை இவ்வளவு உரிமையாகத் தப்பு சொன்னதில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

வருசம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது மன்றத்திலிருந்து விதிமுறை வந்தது. வளர்ப்பவருக்குக் குழந்தையின் மொழி தெரிகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். அதை அளக்க வேறு ஆள் இல்லாததால் தாய்மொழியரே, அதாவது எமியே, அளவுகோல். அரைமணிப் பேச்சில் அவர் திருத்தினால் பிழை, திருத்தாவிட்டால் சரி.

"போச்சுங்க," என்றாள் துளசிமணி, மொட்டைமாடியில், குழந்தைக்குக் கேட்காத தூரத்தில். "நானு வாயத் தொறந்தா நுக்குங்கறா. அரைமணி நேரத்துல ரிஜெக்ட் கூடை நெறஞ்சுருமுங்க. எம்பட புள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாங்க."

"அழுவாத அம்மிணி. அவகிட்டயே படி."

படித்தாள். படிக்கப் படிக்கப் பயம்தான் ஏறியது. எமி நுக்கு சொல்லும்போதெல்லாம் துளசிமணியின் கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் எமி திருத்தப் போனவள் பாதியில் நிறுத்தி, நடுங்கும் அந்தக் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை துளசிமணி ஹரடாவிடம் பேசியபோதும் வந்து உட்கார்ந்து கவனித்தாள். ஹரடா பழைய உடைசல் மொழியிலேயே எதையோ உளறினார். துளசிமணி சிரித்துத் தலையாட்டி அருமைதெஸ் என்றாள். அவர் முகம் மலர்ந்ததையும் எமி பார்த்தாள்.

வித்யாவதி வந்தார். கூடத்தில் பாய் விரித்துப் பெரியம்மாவையும் மகளையும் எதிரெதிரே உட்கார வைத்தார். லோகநாதன் வாசற்படியில் நின்று நகம் கடித்தான். துளசிமணி பேசத் தொடங்கினாள். முதல் வாக்கியத்திலேயே நேற்றையும் நாளையையும் குழப்பிவிட்டாள், அது அவளுக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நுக்குவுக்குக் காத்திருந்தாள்.

வரவில்லை. கண்ணைத் திறந்தாள். எமி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அவளுடைய கையைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"அருமைதெஸ்," என்றாள்.

அடுத்த வாக்கியத்துக்கும் அருமைதெஸ். அதற்கடுத்ததற்கும். அரைமணி நேரம் முடிந்தபோது ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை. "இவ்வளவு நல்லாப் பேசுவீங்கன்னு நான் எதிர்பார்க்கலை," என்று வித்யாவதி கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, செவிக்காவலியையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார். லோகநாதன் குழந்தையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினான்.

பொழுது சாய்ந்ததும் துளசிமணி பாலை ஆற்றிக் கொண்டுவந்து எமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிள்ளை நமக்குத்தான், இனி யாரும் எடுத்துப் போக முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனாலும் நெஞ்சு அடங்கவில்லை. தினமும் எமிக்குக் கோபம் வரவழைக்கும் அந்தப் பால் குடிக்கிற வாக்கியத்தை எடுத்து, வேண்டுமென்றே தலைகீழாகப் புரட்டித் தப்பாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, சின்ன விரலுக்காக உதட்டைக் கொஞ்சம் முன்னே கொண்டுபோனாள்.

எமி தம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "அருமைதெஸ், பெம்மா," என்றாள் மரியாதையாக.

துளசிமணி அதே வாக்கியத்தை இன்னும் மோசமாகச் சொல்லிப் பார்த்தாள். எமி பாலைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, ஹரடாவைப் பார்த்துத் துளசிமணி எப்படிச் சிரிப்பாளோ அப்படிச் சிரித்து, மறுபடியும் அதையே சொன்னாள்.